எட்டு நாள் காய்ச்சல், இடுப்பில் கருப்புப் பொருக்கு: என்னவா இருக்கும்?

வேலூர் பக்கம் அணைக்கட்டு ஊரிலிருந்து கேட்கிறேன். அம்மாவுக்கு எட்டு நாளாய் காய்ச்சல். டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. நேற்று குளிப்பாட்டும்போது பாவாடை நாடா கட்டுற இடத்துல, பீடியால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. வலியே இல்லையாம். போன வாரம்வரை கடலைக்கொல்லையில களை எடுத்தவங்க.

பதில் (காட்பாடி, லேப் டெக்னீஷியன்):
தங்கச்சி, இது ஸ்க்ரப் டைபஸா இருக்கலாம், உண்ணிக் காய்ச்சல்னு சொல்வாங்களே அது. கண்ணுக்கே தெரியாத பூச்சியோட இளம்புழு கடிச்ச தடம்தான் அந்தப் பொருக்கு. இன்னைக்கே டாக்டர்கிட்ட அந்த இடத்தைக் காட்டுங்க. ஐஜிஎம் எலைசாங்கிற ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வரட்டும்னு மருந்தைத் தள்ளிப்போட வேணாம்.

பதில்:
மூச்சு வாங்குதா பாருங்கம்மா, நோய் முத்தினா அப்படி வரலாம். வேலூர் சி.எம்.சி. முன்னின்று 7 மையங்கள்ல நடத்தின ஆய்வு 2023ல வந்தது. நோய் முத்தினவங்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ரெண்டையும் சேர்த்து நரம்புல ஏத்தினா, ஒத்தை மருந்தைவிட நல்லா கேக்குது.

அணைக்கட்டு:
மூச்சு வாங்குதுங்க. ஆட்டோ சொல்லிட்டேன், கிளம்புறோம்.