ஷாப்ஸ்மித் அடியில் டிராயர் கட்டலாமா, காலியாக விடலாமா?

கராஜ்_ஆசாரி
ஓஹையோவில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பெரியவர் வீட்டு கராஜ் சேலில் பழைய ஷாப்ஸ்மித் மார்க் ஃபைவ் வாங்கினேன். தெரியாதவர்களுக்கு: பல வேலை செய்யும் மரவேலை மிஷின். ஒரே மோட்டார், இரண்டு நீளக் குழாய்கள். அந்தக் குழாய்மேல் ஹெட்ஸ்டாக், அதாவது மோட்டார் இருக்கும் தலைப்பகுதி, நகரும். அதையே ரம்பமாக, கடைசல் மிஷினாக, மரத்தைத் தேய்க்கும் வட்ட சாண்டராக, படுக்கை டிரில்லாக வைத்துக்கொள்ளலாம். குழாயோடு தூக்கி நிமிர்த்தினால் நின்ற டிரில். 1950களில் வந்த வடிவம், இன்னும் பெரிதாக மாறவில்லை.

கால்களுக்கு நடுவே நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம் சும்மா கிடக்கிறது. என் கராஜில் காரும் நிற்க வேண்டும், ஒரு சாண் இடம்கூட எனக்குப் பெரிது. திட்டம் இது: 18 மி.மீ. பிளைவுட்டில் பெட்டி. இடப்பக்கம் மூன்று டிராயர். வலப்பக்கம் தூள் இழுக்கும் ஷாப் வேக்குவமும், தூளைச் சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோன் பக்கெட்டும். மேலே மொத்த நீளத்துக்கும் புனல் மாதிரி சரிவுத் தட்டு. எங்கே அறுத்தாலும் தூள் அதில் விழும், அடியிலிருந்து வேக்குவம் இழுத்துக்கொள்ளும். யாராவது கட்டியிருக்கிறீர்களா?

தூசிப்பகை
டிராயர் சரி. அந்தப் புனல் வேண்டாம்.

கணக்குப் போடுங்கள். ஷாப் வேக்குவம் நிமிடத்துக்கு 130 கன அடி காற்று இழுக்கிறது என்று வையுங்கள். இரண்டரை அங்குல ஹோஸ் வழியாக இழுத்தால் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,800 அடி. அதே காற்றை 6 சதுர அடி வாய் உள்ள புனலில் பரப்பினால் 22 அடி. ஊதுபத்தியைக் காட்டினால் புகை லேசாகச் சாயும், அவ்வளவுதான். கனமான தூள் தானாகவே விழும், அதற்குப் புனலே தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் மேலேதான் மிதக்கும், உங்கள் மூக்குக்கு நேராக. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் தரை சுத்தமாக இருக்கிறது என்று நம்பி மாஸ்க்கைக் கழற்றிவிடுவீர்கள், அதுதான் என் கவலை.

கராஜ்_ஆசாரி
கணக்கு புரிகிறது. ஆனால் கடைசலில் போடும்போது வரும் சுருள் சீவலுக்கு எந்த ஹோஸைப் பிடிப்பது? அது நாலு திசையிலும் பறக்கும். நேற்று ஒரு மேப்பிள் கட்டையைக் கடைந்தேன், சட்டைப் பையில்கூடச் சீவல். அதற்குத்தான் புனல்.

தூசிப்பகை
அதற்கு ஒரு துடைப்பம் போதும்.

வேங்கைமரம்
தம்பி, நான் தமிழ்நாட்டில் பட்டறை வைத்திருப்பவன். உங்கள் மிஷின் வேறு. எங்களுடையது பிளானரும் ரம்பமும் ஒரே ஸ்டாண்டில், மோட்டாரும் பெல்ட்டும் அடியில். ஆனால் ஆசை ஒன்றுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அடியில் ஒரு பெட்டி அடித்தேன், உளி, கிளாம்ப் எல்லாம் கைக்கெட்ட இருக்கட்டுமென்று. முதல் வாரம் பெருமையாக இருந்தது. மூன்றாம் வாரம் தேக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தபோது ரப்பர் கருகுகிற வாடை. நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால், கீழே போக வழியில்லாத சீவல் பெட்டிமேல் குவிந்து, பெல்ட் அதற்குள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. அன்றைக்கே பெட்டியைப் பிடுங்கிப் போட்டேன். இப்போது சீவல் நேராகத் தரையில் விழும், சாயங்காலம் சாக்கில் அள்ளி அடுப்புக்குக் கொடுத்துவிடுவோம். காலியிடம் வீண் இடம் இல்லை தம்பி. மிஷினுக்கு அது வாசல் மாதிரி.

கடைசல்பித்து
அண்ணே சொல்வது பெல்ட் கீழே இருக்கிற மிஷினுக்குப் பொருந்தும். ஷாப்ஸ்மித்தில் மோட்டாரும் பெல்ட்டும் மேலே ஹெட்ஸ்டாக்குக்குள். அடியில் ஒன்றுமே ஓடவில்லை. அதனால் நான் ஆசாரி பக்கம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த மிஷின் எடை ஏறக்குறைய 200 பவுண்டுதான். சமனில்லாத கட்டையை மாட்டிச் சுற்றினால் நடனமாடும். நான் அடியில் டிராயர் கட்டி, கிளாம்ப், கடைசல் உளிகள், கீழ்த்தட்டில் இரண்டு மணல் மூட்டை வைத்த பிறகுதான் கிண்ணம் கடைய தைரியம் வந்தது. டிரில்லாக நிமிர்த்தும்போது ஹெட்ஸ்டாக் கனம் உச்சிக்குப் போகிறது, அப்போதும் அடியில் எடை இருப்பது நல்லது.

தூசிப்பகை
எடைக்கு மறுப்பில்லை. ஆனால் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போய்க் கார் நிறுத்துகிறவருக்கு மணல் மூட்டையா? அந்தச் சின்னச் சக்கரங்கள் கராஜ் தரைப் பிளவில் சிக்கும்போது தெரியும்.

முக்கியமான சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். இந்த மிஷினில் தூள் பிறக்கிற இடமே நகர்கிறது. ரம்பம் என்றால் பிளேடின் கீழ்க்கூட்டில் இரண்டரை அங்குல வாய் இருக்கிறது, அதுவும் ஹெட்ஸ்டாக்கோடு இடமும் வலமும் போகும். சாண்டர் என்றால் வட்டு சுற்றி இறங்குகிற பக்கம். டிரில் என்றால் இடுப்புக்கு மேலே. நகர்கிற வாய்க்கு நகராத புனல் எப்படிப் பொருந்தும்? ஒரே நீள ஹோஸ், அதை மாற்றி மாற்றி மாட்டுங்கள்.

அப்புறம் வேக்குவத்தைப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். அதன் மோட்டார் குளிர வெளிக்காற்று வேண்டும். வெளியேறுகிற காற்று தரையில் அடித்தால் கிடக்கிற தூசியையும் கிளப்பிவிடும். மிஷினையும் வேக்குவத்தையும் ஒரே 15 ஆம்பியர் லைனில் போட்டால் பிரேக்கர் விழும், அதையும் பாருங்கள்.

கராஜ்_ஆசாரி
பிரேக்கர் நேற்றே விழுந்துவிட்டது சார்.

கடைசல்பித்து
சரி, வேக்குவம் வெளியே இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். டிராயர் கட்டுவதென்றால் நான் செய்த தப்புகளைச் சொல்கிறேன். முதல் பெட்டியைக் குழாய்க்கு நாலு விரல் கீழே வரை உயர்த்திக் கட்டினேன். ரம்பக் கூட்டின் வாயில் ஹோஸ் மாட்டியதும் அது பெட்டி மேல் மடங்கிக்கொண்டது, மடிப்பில் தூள் அடைத்தது. இதில் பிளேடு சாயாது, மேசைதான் சாயும். 45 டிகிரிக்குச் சாய்த்தபோது தாழ்ந்த விளிம்பும் ஹோஸை நசுக்கியது. பிரித்து, முக்கால் அடி குறைத்தேன். டிராயர் முகப்பைச் சுற்றி ஃபெல்ட் பட்டை ஒட்டுங்கள், இல்லையென்றால் சேனலில் தூள் ஏறி மூன்றே மாதத்தில் கரகரக்கும். பெட்டி மேல்தட்டைப் பின்பக்கமாகச் சரித்துவிட்டால் சீவல் தானாக வழியும்.

வேங்கைமரம்
அந்தச் சரிவு நல்ல யோசனை. என் பெட்டிக்கு அது இருந்திருந்தால் பிடுங்கியிருக்க மாட்டேனோ என்னவோ. ஆனாலும் மட்டமாக ஒரு தட்டு இருந்தால் ஆள் அதன்மேல் பென்சில், ஸ்கேல், டீ டம்ளர் எல்லாம் வைப்பான். மிஷின் ஓடும்போது குனிந்து எடுப்பான். என் பையன் எடுத்தான், சட்டைக் கை மயிரிழையில் தப்பியது. அதைக் கணக்கில் வையுங்கள்.

தூசிப்பகை
அண்ணன் சொன்னது என் கணக்கைவிடப் பெரிய விஷயம்.

கராஜ்_ஆசாரி
புனலை விட்டுவிட்டேன். வேக்குவம் சுவரோரம், வேறு லைனில். டிராயர் மட்டும் இரண்டு, முன்பக்கம் திறக்காமல் பின்பக்கம் திறக்கிற மாதிரி. திறக்க வேண்டுமென்றால் மிஷினை நிறுத்திச் சுற்றி வந்துதான் ஆக வேண்டும்.

தூசிப்பகை
பின்பக்கமா? அப்படியென்றால் மேல்தட்டின் சரிவு எந்தப் பக்கம்? சீவல் முழுக்க டிராயர் மேலேயே வழியுமே.

கராஜ்_ஆசாரி
அடடா.

கடைசல்பித்து
சரிவை முன்பக்கம் திருப்புங்கள். பிளைவுட் இன்னும் அறுக்கவில்லைதானே?