சைக்கிளை உரசிப்போன வண்டி: ரிப்போர்ட் செய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செந்தூல்காரன்
போன மாதம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. காலை ஆறே முக்கால், கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் டவுனைப் பார்த்துப் போகிறேன். இடது ஓரம், பின் விளக்கு எரிகிறது, பளிச்சென்ற சட்டை. ஒரு பிக்கப் பின்னால் வந்து ஹார்ன் மேல் ஹார்ன். எங்கே ஒதுங்குவது? ஓரத்தில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது. அதற்குள் அவன் பக்கக் கண்ணாடி என் முழங்கையில் அடித்து மடங்கியது. விழாமல் எப்படிச் சமாளித்தேன் என்றே தெரியவில்லை.

கொஞ்ச தூரத்தில் சிவப்பு விளக்கு, பிக்கப் நின்றது. நான் பக்கத்தில் போய் நிற்கிறேன். முன் சீட்டில் இருந்தவர் சன்னலை இறக்கி, கையை வெளியே விட்டு, மடங்கிய கண்ணாடியை நேராக்கினார். ஓட்டியவன் உள்ளேயிருந்து விரலை ஆட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காட்டினான். கண்ணாடி சரியாகும்வரை காட்டினான். எனக்கும் அந்தக் கண்ணாடிக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. இருவரில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. பச்சை விழுந்தது, போய்விட்டார்கள்.

நம்பர் பிளேட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போலீஸ் பாலாய்க்குப் போனேன். கவுண்ட்டரில் முதல் கேள்வி, "லூக்கா டி மானா?" காயம் எங்கே என்று காட்ட என்னிடம் சிவந்த முழங்கை மட்டும்தான். நின்று பேசி ரிப்போர்ட் எழுத வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு அழைப்பும் இல்லை. காயமில்லாத ரிப்போர்ட்டுக்கு மதிப்பு உண்டா? யாருக்காவது நடவடிக்கை எடுத்தார்களா?

ஆயர் ஈத்தாம் அக்கா
தம்பி, என்னுடையது பினாங்கில், பத்து ஃபெரிங்கியிலிருந்து தெலுக் பஹாங் போகும் ரோட்டில். அந்த வளைவுகள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், நடுவில் இரட்டைக் கோடு. சுற்றுலா பஸ் ஒன்று வளைவிலேயே என்னை முந்தியது. எதிரில் காடி (கார்) வந்ததும் சட்டென்று இடது பக்கம் ஒடித்தான். பஸ்ஸின் பெட்டி வைக்கும் கதவுக் கைப்பிடி என் தோளுக்குப் பக்கத்தில் ஓடியது. பாறையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டேன். பஸ் கடந்து முடியவே முடியாததுபோல் இருந்தது. கடைசி சன்னலில் ஒரு சின்னப் பிள்ளை எனக்கு டாட்டா காட்டியது.

பஸ்ஸின் பின்னால் எழுதியிருந்த நம்பருக்கு அன்றைக்கே அழைத்தேன். மரியாதையாகப் பேசினார்கள். வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் "டிரைவரிடம் சொல்கிறோம்" என்றார்கள். சொன்னார்களா, இல்லையா, இன்றுவரை தெரியாது. அதே நிறத்தில் பஸ் வந்தால் நான் இறங்கி நிற்கிறேன். நான் ஏன் இறங்க வேண்டும்?

வழக்குமன்ற வாசல்
செந்தூல் தம்பிக்கும் அக்காவுக்கும். வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு காலையில் சைக்கிள். என்னையும் ஒரு காடி ஜாலான் கிள்ளான் லாமாவில் ஓரத்துக்குத் தள்ளியது, ரிப்போர்ட் கொடுத்தேன், ஓட்டியவருக்கு சம்மன் போனது. அவ்வளவுதான் என் கதை. சொல்ல வேண்டியது வேறு.

சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987. அதில் 42-ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுவது, ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ளது. 43-ஆம் பிரிவு கவனமின்றி, மற்றவர்களை மதிக்காமல் ஓட்டுவது. இரண்டிலும் காயம் பட்டால்தான் குற்றம் என்று எங்கும் இல்லை. எப்படி ஓட்டினான் என்பதுதான் கேள்வி. ஆகவே "லூக்கா டி மானா" என்று கேட்டால், பணிவாக, "காயத்துக்காக வரவில்லை, ஓட்டிய விதத்துக்காக வந்தேன்" என்று சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் "பஹாயா", அதாவது அபாயம், என்ற சொல் இருக்கட்டும். "என்னை உரசினான்" என்று மட்டும் எழுதினால் சின்ன உரசல் என்று ஓரங்கட்டிவிடுவார்கள். எந்தத் தடம், எவ்வளவு இடைவெளி, ஹார்ன் அடித்தானா, எதிரில் வண்டி வந்ததா, வெளிச்சம் எப்படி, எல்லாம் வேண்டும்.

பிளேட் நம்பர் இருந்தால் ஓட்டியது யாரென்று நீங்கள் தேட வேண்டாம். அன்றைக்கு வண்டி யார் கையில் இருந்தது என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை உரிமையாளருக்கு உண்டு, அது 115-ஆம் பிரிவு. விசாரணை அதிகாரியின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் எண்ணைச் சொல்லி நீங்களே போய்க் கேளுங்கள். அழைப்பு வரும் என்று வீட்டில் காத்திருந்தால் வராது.

அக்கா, உங்கள் பஸ் இரட்டைக் கோட்டைத் தாண்டியிருக்கிறது. அதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) செயலியில் புகார் கொடுக்கும் வழி இருக்கிறது, படமோ வீடியோவோ கேட்பார்கள். உங்களோடு வந்தவர் யாராவது எடுத்திருந்தால் வாங்கிவையுங்கள்.

இன்னொன்று, வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ அடிபட்டால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் விபத்து என்று பதிவு செய்யலாம், சைக்கிளில் போனாலும்தான். நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாமல் சொந்தக் காசில் மருத்துவம் பார்க்கிறார்கள். கடைசியாக, 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் செய்துவிடுங்கள், பிறகு எடுக்க மாட்டார்கள்.

மூணு டன் லோரி
ஐயா சொன்ன கடைசி விஷயம் சரியில்லை. 24 மணி நேரக் கெடு மோட்டார் வண்டி ஓட்டுகிறவனுக்கு. விபத்து நடந்தால் வண்டியை நிறுத்தணும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லணும், 52-ஆம் பிரிவு. அடிபட்ட சைக்கிள்காரர் மூணு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தாலும் ரிப்போர்ட் கொடுக்கலாம். லோரி லைசென்ஸ் வைத்திருக்கும் எங்களுக்கு இது மனப்பாடம். தப்பாகச் சொன்னால் ஒருத்தர் "நேரம் போச்சு" என்று விட்டுவிடுவார்.

நான் சைக்கிள்காரன் இல்லை. கெந்திங் பெரஸ் மலை ரோடு வழியாக ஜெலெபுவுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவன். சனி ஞாயிறு அங்கே சைக்கிள் கூட்டம்தான். அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக் காடி, அதுக்கு முன்னால் தனியாக ஒரு பையன் மேட்டில் மிதித்துக்கொண்டு போகிறான். காடி ஹார்ன் அடித்து முந்திப் போனான். சரி, போய்விட்டான் என்று நினைத்தேன். பையனுக்கு முன்னால் வந்து, வேண்டும் என்றே பிரேக் போட்டான். ரோடு காலி, நாய்கூட இல்லை. பையன் மோதி விழுந்தான். அந்தச் செருப்பு பெடலில் மாட்டிக்கொள்ளும் வகை. விழுந்து கிடக்கும்போதும் ஒரு கால் சைக்கிளோடு ஒட்டியே இருக்கிறது, கழற்ற முடியாமல் இழுக்கிறான். நான் லோரியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினேன், பின்னால் வருகிறவன் ஏறிவிடக் கூடாது என்று. காடி போய்விட்டது.

லோரி முன்னால் மாட்டிய என் டேஷ்கேமில் எல்லாம் பதிவாகியிருந்தது. கார்டை அங்கேயே கழற்றி எடுத்தேன், இல்லையென்றால் ஓட ஓட பழையது அழிந்துவிடும். பையனோடு பாலாய்க்குப் போனேன், வாக்குமூலம் கொடுத்தேன், அரை நாள் சம்பளம் போனது, பரவாயில்லை. அதிகாரி வீடியோவை மூணு தடவை பார்த்தார். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் எழுத ஆரம்பித்தார்.

அதனால் சொல்கிறேன், பார்த்தவன் வந்து சொன்னால் கேஸ் நிற்கும். சைக்கிள்காரர்களும் ஒன்று கேளுங்கள். விடியாத நேரத்தில் கறுப்புச் சட்டை, பின் விளக்கு இல்லாமல், மூணு பேர் வரிசையாக வருகிறீர்கள். மேலே உட்கார்ந்திருக்கும் எனக்கு மழையில் ஒன்றும் தெரியாது.

செந்தூல்காரன்
அண்ணே, அந்தப் பையனுக்காக நின்றதுக்கு நன்றி. ஆனால் நான் தனியாகப் போனேன், விளக்கும் எரிந்தது என்று எழுதியிருக்கிறேன். யார் அடிபட்டாலும் உடனே விளக்கைப் பற்றிப் பேசுவது ஏன்?

மூணு டன் லோரி
தம்பி, உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

மஸ்ஜித் இந்தியா வாசகி
பொதுவாகச் சொல்வதுதான் பிரச்சினை. டவுனில் நீலம் பூசிய சைக்கிள் பாதை 2018-இல் போட்டார்கள், நினைவிருக்கிறதா? நான் அதில்தான் போனேன். பாதையில் காடி நின்றது, சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன், பின்னால் வந்த வேன் என்னை இடித்தது போல நெருங்கி, "பாதையில் போ" என்று கத்திவிட்டுப் போனான். பாதையை அடைத்தவனை யாரும் கேட்கவில்லை. எனக்கு விளக்கும் இருந்தது, கேமராவும் இருந்தது. ரிப்போர்ட் கொடுத்தேன். இன்னும் பதில் இல்லை.

என் தம்பி பர்மிங்ஹாமில் இருக்கிறான். அங்கே 2016-இல் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் ஒரு வேலை செய்தது. போலீஸ்காரர்களே சாதாரண உடையில், கேமரா வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினார்கள். நெருங்கி உரசிப் போகிறவனை அடுத்த முனையில் நிறுத்தி, ஒன்றரை மீட்டர் இடைவெளி என்றால் எவ்வளவு என்று தரையில் விரித்த பாயைக் காட்டி விளக்கினார்கள். மோசமாகப் போனவன் மேல் வழக்கு. பொதுமக்கள் எடுத்த வீடியோவையும் அங்கே வாங்குகிறார்கள். ஆனால் சம்பவம் நடந்து 14 நாளுக்குள் வண்டி உரிமையாளருக்கு நோட்டீஸ் போக வேண்டும் என்பதால், சீக்கிரம் அனுப்பச் சொல்வார்கள். தம்பி அனுப்பினான். ஓட்டியவரை வகுப்புக்கு அனுப்பினார்கள் என்று பதில் வந்தது. எனக்கு வேண்டியது அந்தப் பதில்தான். தண்டனை அவர்கள் பாடு. நான் சொன்னதை ஒருவர் படித்தார் என்று தெரிய வேண்டும்.

வழக்குமன்ற வாசல்
லோரித் தம்பி திருத்தியது சரி. ரிப்போர்ட் தாமதமானால் ஏன் என்று கேட்பார்கள், காரணத்தையும் எழுதிவிட வேண்டும். வாசகி அம்மா, வீடியோவை முகநூலில் போட்டுவிட்டுப் போலீசுக்குப் போகாதீர்கள். முதலில் ரிப்போர்ட், பிறகு மற்றது. மூலப் பதிவை வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல் அப்படியே வைத்திருங்கள்.

பிறை மகள்
இதைப் படித்துக்கொண்டே அழுகிறேன். என் அப்பாவிடம் கேமரா இல்லை, கையுறை இல்லை, பெடலில் மாட்டும் செருப்பு இல்லை. பழைய சைக்கிளில் பின்னால் கூடை கட்டி இடியப்பம் விற்கிறார். நேற்று விடிகாலை தாமான் முனையில் ஒரு காடி வளைவில் அவரை இடித்துத் தள்ளியது. ஓட்டியவன் இறங்கினான். அப்பாவைத் தூக்கவில்லை. ரோட்டில் கொட்டிக் கிடந்த இடியப்பத்தைப் பார்த்து, "இது எவ்வளவு?" என்று கேட்டு, ஐம்பது ரிங்கிட்டை கூடையில் போட்டுவிட்டுப் போனான். அப்பா அந்த நோட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி மேடையில் வைத்திருக்கிறார். செலவழிக்கவும் மாட்டேன் என்கிறார், ரிப்போர்ட் செய்யவும் மாட்டேன் என்கிறார். "காசு கொடுத்துட்டான்மா, இனி என்ன கேட்கிறது?" என்கிறார். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். உட்கார முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காசை வாங்கிவிட்டதால் ரிப்போர்ட் செல்லாதா?

ஆயர் ஈத்தாம் அக்கா
அம்மா, முதலில் ஆஸ்பத்திரி. வயதானவருக்கு இடுப்பு, எக்ஸ்ரே எடுக்காமல் விடாதே. அரசாங்க ஆஸ்பத்திரியில் விபத்து என்று சொல்லிப் பதிய வை.

வழக்குமன்ற வாசல்
செல்லும். ஐம்பது ரிங்கிட் கொடுத்ததால் குற்றம் தீர்ந்துவிடாது. காயம் இருப்பதால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் இழப்பீடும் கேட்கலாம், அதற்கும் ரிப்போர்ட் வேண்டும், மருத்துவ அறிக்கையும் வேண்டும். நோட்டைச் செலவழிக்க வேண்டாம், அவன் கொடுத்ததாக ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். பிளேட் நம்பர் தெரியுமா?

பிறை மகள்
அப்பாவுக்கு முதல் எழுத்து பி என்று மட்டும் நினைவு. வெள்ளி நிறம்.

மூணு டன் லோரி
தங்கச்சி, அந்த முனையில் கடை இருக்கா? சிசிடிவி இருந்தால் இன்றைக்கே போய்க் கேளு. கடைக்காரர் காட்ட மாட்டேன் என்றால், அழிக்காமல் வைத்திருக்க மட்டும் சொல்லு, போலீஸ் வந்து வாங்கும். நாள் போனால் அதுவும் அழிந்துவிடும்.

பிறை மகள்
முனையில் கார் வாஷ் ஒன்று, எதிரில் மளிகைக் கடை. மளிகைக்காரர் அப்பாவிடம் தினம் வாங்குகிறவர். இப்போதே போகிறேன் அண்ணே. ஆஸ்பத்திரிக்குத் தம்பி கூட்டிக்கொண்டு போகிறான். அப்பாவுக்கு மலாய் பேச வரும், எழுத வராது. பாலாயில் அவர் சொல்லச் சொல்ல அதிகாரியே தட்டச்சு செய்வாரா, நான் எழுதிக் கொண்டுபோக வேண்டுமா?

செந்தூல்காரன்
அதிகாரியே தட்டச்சு செய்வார். அச்செடுத்துக் கொடுத்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்கள் அப்பாவுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுங்கள். என் ரிப்போர்ட்டில் கண்ணாடி பட்டது என்பதை "ஹம்பிர்", அதாவது கிட்டத்தட்ட, என்று போட்டிருந்தார்கள், பட்டும் படாமல் போனது மாதிரி. நான் திருத்தச் சொன்னேன், திருத்திக் கொடுத்தார்கள்.