கிளேவ் ஏந்திய ஃபைட்டர்: ட்ரிப் அட்டாக்கையும் சென்டினலையும் சேர்த்து ஆடுவது எப்படி?

காசிமேடு_ஃபைட்டர்

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் காசிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதாபாத்திர விளையாட்டை ஆடி வருகிறோம். 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பு விதிகளைத்தான் பின்பற்றுகிறோம். என் பாத்திரம் ஆறாம் நிலை ஃபைட்டர் (போர்வீரன்), பேட்டில் மாஸ்டர் பிரிவு. வேரியன்ட் ஹியூமன் என்பதால் முதல் நிலையில் போல்ஆர்ம் மாஸ்டர், நான்காம் நிலையில் சென்டினல், ஆறாம் நிலையில் கிரேட் வெப்பன் மாஸ்டர் என மூன்று ஃபீட்டுகளை, அதாவது சிறப்புத் திறன்களை, எடுத்திருக்கிறேன். போல்ஆர்ம் மாஸ்டர் என் எல்லைக்குள் நுழைபவனை வெட்ட விடும், சென்டினல் அந்த வெட்டு பட்டவனை நிறுத்தும். ஆயுதம், நீண்ட பிடியில் கத்தி பொருத்திய, பத்தடி தூரம் எட்டும் கிளேவ்.

சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு, எதிரிகளுக்குக் கேரம் காய்களை வைத்து ஆடுவது எங்கள் வழக்கம். சென்ற வாரம் ஓர்க் தலைவனாக வைத்திருந்த சிவப்புக் காய் என் எல்லைக்குள் நுழைந்ததும், அவன் முறையிலேயே பதிலடி கொடுக்க விடும் ரியாக்‌ஷனில் வெட்டினேன். சென்டினலால் அவன் அதே கட்டத்தில் நின்றான், பட்டவனைத் தள்ளிவிடும் ட்ரிப் அட்டாக்கால் விழுந்தான். என் முறை வந்தபோது நின்ற இடத்திலிருந்தே, தாக்கும் உருட்டலில் ஐந்தைக் கழித்து, பட்டால் சேதத்தில் பத்தைக் கூட்டும் கிரேட் வெப்பன் மாஸ்டர் வெட்டுகளைத் தொடுத்தேன். ஆனால் ஆட்டத்தை நடத்தும் டிஎம் ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு பகடைகளை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்கச் சொன்னார், மூன்றும் வீணாயின. விழுந்து கிடப்பவனைத் தாக்க அட்வான்டேஜ் (இரண்டில் பெரிய எண்ணை எடுப்பது) உண்டு என்றே நான் நினைத்திருந்தேன். போதாததற்கு, என்னால் தன் அம்புகளும் பொய்த்தன என்று எங்கள் வில்லாளி வருந்தினார். தவறு எங்கே நேர்ந்தது?

பெரம்பூர்_டிஎம்

தம்பி, உங்கள் டிஎம் சொன்னது சரி. விழுந்து கிடப்பவனை ஐந்தடிக்குள் நின்று தாக்கினால்தான் அட்வான்டேஜ். அதற்கு அப்பால் நின்று தாக்கினால், கையில் இருப்பது வில்லானாலும் கிளேவானாலும், டிஸ்அட்வான்டேஜ்தான், அதாவது இரண்டில் குறைந்த எண்தான். நீளமான ஆயுதம் ஏந்தும் பலரும் முதலில் இடறும் இடம் இது.

உங்கள் ஃபீட்டுகளில் குறையில்லை, காலடியில்தான் குறை. சார்ட்டை விரித்து வைத்துப் பாருங்கள். அவன் உங்களிடமிருந்து இரண்டாவது கட்டத்தில், அதாவது பத்தடியில், விழுந்து கிடக்கிறான். சென்டினலால் வேகம் பூஜ்யமானதால் அந்த முறையில் அவனால் எழவும் முடியாது. உங்கள் முறை வந்ததும் ஒரு கட்டம் முன்னேறி அவனை ஒட்டி நின்று வெட்டுங்கள். வெட்டி முடித்ததும் இரண்டு கட்டம் பின்வாங்குங்கள். மொத்த நடை பதினைந்தடிதான். நீங்கள் விலகும்போது அவன் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (எல்லையைக் கடப்பவனை ரியாக்‌ஷனில் தாக்குவது) செய்யலாம், ஆனால் கிடந்தபடி தாக்குவதால் அது அவனுக்கு டிஸ்அட்வான்டேஜ்.

இரண்டு கட்டம் ஏன் என்பதைக் கவனியுங்கள். ஒரு கட்டம் மட்டும் விலகினால் அவன் ஏற்கெனவே உங்கள் பத்தடி எல்லைக்குள் இருக்கிறான். அதன்பின் அவன் நெருங்கி வந்தாலும் 'எல்லைக்குள் நுழைந்ததாக' ஆகாது, ரியாக்‌ஷனும் கிடைக்காது. பதினைந்தடிக்கு விலகி நின்றால், முப்பதடி வேகத்தில் பாதியைச் செலவழித்து எழுந்து வருபவன் மறுபடியும் உங்கள் எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மறுபடியும் வெட்டு, மறுபடியும் நிறுத்தம். இந்த மூன்று திறன்களும் ஒன்றுக்கொன்று கை கொடுப்பது இந்த முன்பின் நடையில்தான்.

ஐந்தடிக்குள் நிற்பதன் பலனைக் கணக்காகவே பார்த்துவிடலாம். எதிரியின் ஆர்மர் கிளாஸ் (தாக்குதல் பட, இருபதுமுகப் பகடையும் கூட்டலும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்) 15, உங்கள் தாக்குதல் கூட்டல் 6, வலிமைக் கூட்டல் 3 என்று வையுங்கள். சாதாரண வெட்டு 60 சதவீதம் படும்; சராசரி சேதம் 8.5 என்பதால் ஒரு வெட்டுக்குச் சுமார் 5.1 தேறும். ஐந்தைக் கழித்தால் 35 சதவீதம்தான் படும். ஆனாலும் சேதம் 18.5 ஆவதால் சுமார் 6.5 தேறும். அட்வான்டேஜ் இருந்தால் அந்த 35 ஏறத்தாழ 58 ஆகி, வெட்டுக்கு 10.7 வரை கிடைக்கும். ஆர்மர் கிளாஸ் 18 உள்ளவனிடம் அட்வான்டேஜ் இல்லாமல் கழித்து அடிப்பதில் லாபமே இல்லை. ஒரே முறையில் இரண்டாவது தடவை தாக்க விடும் ஆக்‌ஷன் சர்ஜையும் அவன் விழுந்து கிடக்கும் முறைக்கே ஒதுக்குங்கள்: நான்கு வெட்டு, கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் பிடி முனையால் ஓர் அடி, ஆக ஐந்துக்கும் அட்வான்டேஜ். ஆக்‌ஷன் சர்ஜ் இரண்டாவது போனஸ் ஆக்‌ஷனைத் தராது என்பது நினைவிருக்கட்டும்.

ட்ரிப் போன்ற உத்திகளில், அதாவது மனூவர்களில், ஒரு தாக்குதலுக்கு ஒன்றுதான். மயிரிழையில் தவறும் ரியாக்‌ஷன் வெட்டை பிரிசிஷன் அட்டாக்கால் படவைத்தால், அதே வெட்டில் ட்ரிப் சேர்க்க இயலாது. அந்த நிலையில் நிறுத்தம் கிடைத்ததே போதும் என்று விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மனூவருக்கும் ஒரு பகடை செலவாகும்; ஓய்வெடுக்கும்வரை உங்களிடம் இருப்பவை நான்கே நான்கு எட்டுமுகப் பகடைகள்.

வியாசர்பாடி_வில்லாளி

நான் எங்கள் குழுவில் வில் ஏந்துபவன். எனவே உங்கள் வில்லாளியின் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நீங்கள் தள்ளிவிட்டவன் தன் அடுத்த முறை வரும்வரை கிடப்பான், அதுவரை தொலைவிலிருந்து எய்யும் ஒவ்வோர் அம்பும் டிஸ்அட்வான்டேஜில்தான் போகும். களத்தில் வேறு எதிரிகள் இருந்தால் கவலையில்லை, விழுந்தவனை உங்களிடம் விட்டுவிட்டு நாங்கள் மற்றவர்களைக் குறிவைப்போம். சிவப்புக் காய் ஒன்றே மிஞ்சியிருக்கும்போது மட்டும் ட்ரிப்புக்குப் பதிலாக எதிரியை அச்சுறுத்தும் மெனசிங் அட்டாக்கைப் பயன்படுத்துங்கள், அண்ணா. விஸ்டம் சேவில் (மன உறுதிப் பகடைச் சோதனையில்) தோற்றால், உங்கள் அடுத்த முறை முடியும்வரை அவனால் உங்களை விரும்பி நெருங்க முடியாது. உங்களைப் பார்க்க முடிகிற வரை அவனது தாக்குதல்களும் டிஸ்அட்வான்டேஜில் நடக்கும். எங்கள் அம்புகளுக்கோ எந்தத் தடையும் இல்லை. உங்களுக்கு அட்வான்டேஜ் கிடைக்காது என்பது உண்மைதான், ஆனால் குழுவின் மொத்தச் சேதத்தைக் கூட்டிப் பார்த்தால் பல சமயம் இதுவே மேல்.

பெரம்பூர்_டிஎம்

வில்லாளி சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். இன்னொன்று: உங்கள் குழு பிறகு 2024 விதிகளுக்கு மாறினால் இந்த இணைப்பு அப்படியே செல்லாது. அதில் எல்லைக்குள் நுழைபவனை வெட்டும் போல்ஆர்ம் மாஸ்டரின் ரியாக்‌ஷன், ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்காகக் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்கோடு மட்டுமே வரும் சென்டினலின் நிறுத்தம் அதனுடன் சேராது. கிரேட் வெப்பன் மாஸ்டரின் கழித்தல் கூட்டலும் நீக்கப்பட்டுவிட்டது.

காசிமேடு_ஃபைட்டர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு சார்ட்டை விரித்து, காய்களை நகர்த்தி, ஒரு கட்டம் முன்னேறி இரண்டு கட்டம் விலகும் நடையைப் பத்து முறையாவது ஆடிப் பார்த்தேன். பின்னால் இரண்டு கட்டம் காலியாக இருந்தால்தான் இது நடக்கும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. சென்ற வாரம் என் முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தது. பிரிசிஷன், ட்ரிப், ரிபோஸ்ட் ஆகிய மூன்று மனூவர்களையும் முன்பே எடுத்துவிட்டேன், ஏழாம் நிலையில் மேலும் இரண்டு கிடைக்கும். அதில் முதலாவது மெனசிங் என்று எங்கள் வில்லாளியிடம் சொல்லிவிட்டேன்.