மூன்றரை வயதுப் பையன் தினமும் இரண்டு பக்கம் எழுத வேண்டுமா?

தறிவீட்டு மருமகள் (கரூர்) கேட்டது:

வணக்கம். பெட்ஷீட் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். பையனுக்கு மூன்று வயது ஐந்து மாதம். ஜூன் மாதம் எல்கேஜி சேர்த்தோம். பள்ளிப் பெயர் வேண்டாம், எங்கள் பக்கம் எல்லோரும் இடம் கிடைக்காதா என்று அலைகிற பள்ளிதான்.

நேற்று டைரியில் சிவப்பு மையில் எழுதி வந்திருந்தது: எழுதுவதில் மெதுவாக இருக்கிறான், வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசவும். நான்கு கோட்டு நோட்டில் தினமும் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம். ஆறரைக்கு உட்கார்ந்தால் முடிக்க எட்டு மணி ஆகிறது. பென்சிலை ஐந்து விரலாலும் உலக்கை மாதிரிப் பிடிக்கிறான். அழுத்துகிற அழுத்தில் முனை உடையும், இல்லாவிட்டால் தாள் கிழியும். மூன்றாவது வரியில் நோட்டின் மேலேயே படுத்துவிடுவான். நேற்று பொறுமை போய், அவன் கையை என் கைக்குள் வைத்து இழுத்து இழுத்து எழுத வைத்தேன். "அம்மா, உன் கை வலிக்குது" என்றான். என் கைதான் அவனுக்கு வலித்திருக்கிறது.

இதே பையன் மாமனாரோடு தறிக்குழியில் இறங்கினால் ஒரு மணி நேரம் அசைய மாட்டான். மாமனாருக்கு எண்பதை நெருங்குகிற வயது, இன்னும் ஒரே ஒரு கைத்தறியை விடாமல் வைத்திருக்கிறார். பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) எது, ஊடை (குறுக்கே ஓடும் நூல்) எது என்று இவனுக்குத் தெரியும். ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சிகளை நிறவாரியாகப் பிரித்து வைப்பது இவன் வேலை. போன வாரம் கிளிப்பச்சையையும் பாசிப்பச்சையையும் யாரும் சொல்லாமலே தனித்தனியாக வைத்தான். ஊடை நூலைக் கொண்டு போகிற நாடா தறியில் ஓடுகிற சத்தம் மாறினால் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான்.

பக்கத்து வீட்டுக் குழந்தை இவனைவிட இரண்டு மாதம் சின்னவள். ஐம்பது வரை எழுதுகிறாள். அவள் அம்மா அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

"பேசாம எதுத்தாப்புல இருக்கிற பால்வாடிக்கு அனுப்பு, முட்டையாவது திங்கும்" என்கிறார் அத்தை. "கட்டின 42,000?" என்கிறார் கணவர். இந்த வயதில் எழுத வைப்பது சரிதானா? வீட்டில் ஆங்கிலம் பேசியே ஆக வேண்டுமா? மாமனாருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பேசினால் கம்பெனி மெயில் மாதிரிதான் இருக்கும்.

---

பால்வாடி டீச்சர் (திண்டுக்கல் பக்கம்) எழுதியது:

தங்கச்சி, நான் 1998இலிருந்து அங்கன்வாடிப் பணியாளர். உங்கள் அத்தை சொன்ன முட்டை வாரத்தில் மூன்று நாள் உண்டு. ஆனால் பால்வாடி என்றாலே சோறு போட்டுத் தூங்க வைக்கிற இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி என்று பெயர் வைத்துத் தொடங்கினார்கள். பெயர் மாறினதும் சில பெற்றோர் வந்து முதலில் கேட்டதே "நோட்டு எப்ப குடுப்பீங்க?" என்றுதான்.

எங்களிடம் இருப்பது புளியங்கொட்டை, சோளத்தட்டை, பாட்டில் மூடி. புளியங்கொட்டையை இரண்டு விரலால் எடுத்து வாய் குறுகின பாட்டிலுக்குள் போடச் சொல்வேன். உங்கள் பையன் தார்க்குச்சியோடு செய்வது இதே வேலைதான். சும்மா விளையாடுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொப்புச் சாமான் வைத்திருக்கிற மூலையில் நான் காது கொடுத்துக்கொண்டே இருப்பேன். நாலு வயதுப் பெண் ஒருத்தி பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்துக் மகளிர் குழுக் கடன் பணம் வசூலித்தாள். ஒரு பொம்மை கட்டவில்லை. "உன்னால எல்லாரும் எந்திரிக்காம உக்காந்திருக்கோம்" என்று அதை ஒரு திட்டுத் திட்டினாள். இன்னொரு பையன் செங்கல்லைக் காதில் வைத்துக்கொண்டு, "சரிங்க சார், திங்கக்கிழமை கட்டிடறேங்க சார்" என்று குழைந்து குழைந்து பேசினான். அவன் அப்பா பேசுகிற அதே குரல். இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது? நீங்கள் ஆறரை மணிக்கு நோட்டைத் திறக்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதையும் அவன் படித்துக்கொண்டுதான் இருப்பான்.

---

கைவிரல் (ஆக்குபேஷனல் தெரபி பார்ப்பவர்) எழுதியது:

ஐந்து விரலால் பிடிப்பது இந்த வயதில் சாதாரணம். கவலைப்பட ஒன்றுமில்லை.

காரணம் எக்ஸ்ரேயில் தெரியும். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அத்தனையும் குருத்தெலும்பு, படத்தில் விழாது. மூன்று வயதுக் கையை எடுத்தால் பெரும்பாலும் இரண்டு, மூன்றுதான் தெரியும், மற்ற இடம் வெற்றிடம். ஏழாவது எலும்பு தெரியவே ஆறு வயதுபோல ஆகிவிடும், கடைசி ஒன்று ஒன்பது வயதுக்கும் மேல். வளர்ச்சி மேலிருந்து கீழே வரும்: முதலில் தோள், பிறகு முழங்கை, மணிக்கட்டு, கடைசியில்தான் விரல் நுனி. அதனால் எழுத்துக்கு முந்தின பயிற்சி என்பது தொங்குவது, தவழ்வது, ஈரத்துணி பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது.

பென்சில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சுண்டுவிரல் நீளத்துக்கு உடைத்துக் கொடுங்கள். அத்தனை சின்னதை ஐந்து விரலால் பிடிக்க இடமில்லை, தானாக மூன்று விரலுக்கு வந்துவிடும். கையைப் பிடித்து எழுத வைப்பதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். அப்புறம், ஐந்தரை ஆறு வயதிலும் பட்டன் போட வரவில்லை, படியில் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து ஏறவில்லை என்றால் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

---

ரெண்டு பிள்ளை அப்பா (நாமக்கல்) எழுதியது:

எல்லோரும் நல்லதாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அடுத்த வருடம் அதே பள்ளியில் யுகேஜி டீச்சர் இவன் எழுதுவான் என்று நினைத்துத்தானே பாடம் ஆரம்பிப்பார்? என் பெரியவளை இப்படித்தான் விளையாட விட்டோம். முதல் வகுப்பில் போர்டைப் பார்த்து எழுத முடியாமல் ஆறு மாதம் தினமும் அழுதாள். சின்னவனை முன்கூட்டியே பழக்கினோம், பிரச்சினை இல்லை. எலும்பு கணக்கெல்லாம் சரி, வகுப்பில் உட்காரப் போவது குழந்தைதான். பள்ளியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கு ஏற்ப மாறுங்கள். நடுவில் நின்றால் அடிபடுவது அவன்.

---

உப்புத்தாள் (சென்னை) எழுதியது:

நாமக்கல் அண்ணன் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் எழுத்தா விளையாட்டா என்று இரண்டில் ஒன்றைப் பிடிக்கத் தேவையில்லை. நான் மாண்டிசோரி பயிற்சி எடுத்தவள். அந்த முறையை உருவாக்கின மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து வகுப்பு எடுத்தார். போர் வந்ததும், இத்தாலிக்காரர் என்பதால் 1940இல் அவர் மகனை ஆங்கிலேய அரசு காவலில் வைத்தது. அந்த ஆகஸ்ட் 31, அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளன்று மகனை விடுவித்தார்கள். கொஞ்ச காலம் கொடைக்கானலிலும் இருந்தார். எழுத்தே வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. உப்புத்தாளில் எழுத்தை வெட்டிப் பலகையில் ஒட்டி, இரண்டு விரலால் தடவ வைத்து, கூடவே அதன் ஒலியைச் சொல்லித் தருவார். கைக்கு முதலில் வடிவம் பழகும், பென்சில் பிறகு.

நம் ஊரில் இது புதுசா என்ன? விஜயதசமி அன்று அரிசியில் விரலைப் பிடித்து அ போட வைக்கிறோம். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் மணல் பரப்பி விரலால் எழுதினார்கள். நாம் அந்த ஒரு நாளைப் போட்டோ எடுத்துவிட்டு மறுநாளே நான்கு கோட்டு நோட்டைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

மொழிக்கு வருகிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டியது, கேட்ட கேள்விக்கு நீட்டி நீட்டிப் பதில் சொல்கிற ஆள். அது உங்கள் வீட்டில் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிறார். அவரை வாய் மூடச் சொல்லிவிட்டு கம்பெனி மெயிலைப் பேசப் போகிறீர்களா? தமிழில் காரணம் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் வகுப்பில் வந்து சேரும். ஒரு எச்சரிக்கை: மாண்டிசோரி என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைக்கலாம், அந்தப் பெயருக்கு உரிமை கிடையாது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

---

தறிவீட்டு மருமகள் (கரூர்) மறுபடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண். வகுப்பில் 38 பிள்ளைகள், கூட ஒரு ஆயா. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மேசை டிராயரிலிருந்து ஒரு கட்டுப் படிவம் எடுத்தாள். சேர்க்கையன்று நாங்கள் நிரப்பிக் கொடுத்தவை. என்னுடையதைத் தேடி எடுத்துக் காட்டினாள். பள்ளியிடம் எதிர்பார்ப்பது என்ன என்ற இடத்தில் என் கையெழுத்தில் இருந்தது: தினமும் வீட்டுப்பாடம் தர வேண்டும். முப்பத்தெட்டில் முப்பது பேராவது இதையே எழுதியிருக்கிறார்கள் என்றாள். எனக்கு எழுதினதே நினைவில்லை.

இப்போதைக்கு இரண்டு பக்கத்துக்குப் பதில் நான்கு வரி, மீதிக்கு நான் டைரியில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். மேலிடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று அவளுக்குப் பயம். யுகேஜியில் என்ன செய்வது என்று எனக்கும் இன்னும் முடிவு இல்லை. நாமக்கல் அண்ணன் சொன்னது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

உடைத்த பென்சில் வேலை செய்கிறது. மாமனார் பழைய தாம்பாளத்தில் ஆற்று மணலைச் சலித்துப் போட்டு வைத்திருக்கிறார். நேற்று அதில் நேர்நேராக நிறையக் கோடு போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்தான். ஆங்கில ஏ எழுதுகிறான் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். "பாவும்மா இது. மிதிக்காத, அறுந்துரும்" என்றான்.