மறு: பைபாஸ் ஃபில்டர்: ‘புறவழி வடிகட்டி’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய டிராக்டருக்கு எஞ்சின் ஆயில் மாற்றும் குறிப்பைத் தமிழாக்கும் இழையில் நேற்று வந்த மடலிலிருந்து:

> பைபாஸ் ரோட்டைப் புறவழிச்சாலை என்று அரசாங்கமே பலகை வைத்து எழுதுகிறது. அப்புறம் என்ன யோசனை? பைபாஸ் ஃபில்டரைப் புறவழி வடிகட்டி என்று முடித்துவிடலாமே.

முடித்துவிடலாம்தான். ஆனால் எஞ்சினுக்குள் ‘பைபாஸ்’ என்ற பெயரில் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் புறவழி என்றே போட்டால், நம் குறிப்பைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுப்பவர் குழம்பிப் போவார்.

1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் வந்த ஃபோர்டு 8என் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். அதில் பம்ப் தள்ளும் எண்ணெயின் பெரும்பகுதி வடிகட்டிப் பக்கமே போகாமல் நேரே பேரிங்குகளுக்குப் போகிறது. கொஞ்சம் எண்ணெய் மட்டும் தனியே பிரிந்து, வடிகட்டிக்குள் நுழைந்து, சுத்தமாகி, எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் அடித்தொட்டிக்குத் திரும்புகிறது. இதுதான் பைபாஸ் ஃபில்டர்.

இன்னொரு பக்கம், நம் ஊரில் பலருக்குப் பழக்கமான மேசி ஃபெர்குசன் 35. அதன் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினில் எல்லா எண்ணெயும் வடிகட்டி வழியாகத்தான் பேரிங்குக்குப் போகவேண்டும். வடிகட்டி அடைத்துக்கொண்டால்? பேரிங் காய்ந்து போகக்கூடாது என்பதற்காக ஒரு வால்வு திறக்கும். எண்ணெய் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு அழுக்கோடே போய்ச் சேரும். அது பைபாஸ் வால்வு.

இந்த இரண்டில் ‘புறவழி’ பொருந்துவது வால்வுக்குத்தான். ஊருக்குள் நெரிசல் என்றால் புறவழிச்சாலையில் போகிறோம். ஆனாலும் போய்ச்சேரும் இடம் ஒன்றே. வால்வு செய்வதும் அதே வேலை. 8என் வடிகட்டியில் நடப்பது இதுவல்ல. அங்கே ஓட்டத்திலிருந்து ஒரு கிளை பிரிகிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை, கிளைவாய்க்கால் என்றால் போதும். எனவே ‘கிளைவழி வடிகட்டி’ என்கிறேன். அதற்கு எதிராக, 35இல் போல எல்லா எண்ணெயும் வடிகட்டி வழியே போகும் ஃபுல் ஃப்ளோ வகைக்கு ‘முழுவழி வடிகட்டி’.

வாய்க்கால் என்று ஆரம்பித்தபின் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயை அடித்தொட்டிக்கே திருப்பிவிடும் ரிலீஃப் வால்வுக்கு நம் சொற்பட்டியலில் ‘தணிப்பு வால்வு’ என்று இருக்கிறது. தப்பில்லை, ஆனால் உயிரில்லை. எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வெளியேறும். நிறைந்த பிறகுதான் வழியும், அதுவரை சும்மா இருக்கும். ரிலீஃப் வால்வும் அப்படித்தான். ‘கலிங்கு வால்வு’ என்று போடலாமா? வட்டார வழக்கு என்று யாராவது சொல்வீர்கள். அகராதியில் இருக்கிற சொல்தான்.

அடுத்தது வடிகட்டி. ‘வடிப்பான்’ வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கணினித் திரையில் அது ஓடும், பட்டறையில் ஓடாது. தமிழில் கஞ்சியையும் வடிக்கிறோம், டீயையும் வடிகட்டுகிறோம். ஆயில் மாற்றும்போது இந்த இரண்டு வேலையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது: அடித்தொட்டியில் உள்ளதை வடிக்கவேண்டும், வடிகட்டியை மாற்றவேண்டும். ‘வடிப்பானைக் கழற்றவும்’ என்று எழுதினால் எதைக் கழற்றுவது? ஃபில்டர் ‘வடிகட்டி’யாகவே இருக்கட்டும். பழைய எண்ணெயை வடிக்க அடித்தொட்டியில் கழற்றும் ட்ரெயின் பிளக்குக்கு ‘வடிதிருகு’. ஆயிலை ‘இறக்கு’ என்றே எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் எஞ்சினை இறக்குவது என்றால் பட்டறையில் பிரித்து மேயும் பெரிய வேலை. வாடிக்கையாளர் மயங்கி விழுந்துவிடுவார்.

சம்ப்புக்கு ‘அடித்தொட்டி’ என்பதை ஏற்கிறேன். ‘சம்ப்’ என்றே விட்டால் வீட்டு வாசலில் தண்ணீர் லாரிக்காகத் திறந்து வைக்கும் தொட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இனி, இழையில் யாரும் தொடாத ஒரு பொருள்: வடிகட்டியை உள்ளே வைத்து மூடும் கிண்ணத்தின் வாயில் உட்காரும் ரப்பர் வளையம். இதற்கு ஒரு நல்ல பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் சொந்த அனுபவம். மைத்துனரின் பழைய 35க்கு நான் முதன்முதலாக ஆயில் மாற்றியபோது எல்லாம் முறைப்படி செய்தேன். எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓட்டிச் சூடாக்கி, சூட்டிலேயே வடிதிருகைக் கழற்றி, கருப்புத் தண்ணீர் மாதிரி வந்ததையெல்லாம் சட்டியில் பிடித்தேன். நடுபோல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்கினேன். புதிய வடிகட்டி, புதிய வளையம், ஏறக்குறைய 7 லிட்டர் புதிய ஆயில். ஸ்டார்ட் செய்ததும் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து பீய்ச்சி அடித்து, என் வேட்டி அன்றோடு முடிந்தது.

பழைய வளையம் கிண்ணத்தோடு வரவில்லை. மேலே கிண்ணம் பொருந்தும் தலைப்பகுதியின் பள்ளத்திலேயே, அந்த இரும்பின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நான் புதியதை வைத்து இறுக்கியிருக்கிறேன். ஊசியால் நெம்பித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

பட்டறையில் இதையும், வடிதிருகின் செம்பு வாசரையும், அட்டை கேஸ்கெட்டையும் சேர்த்துப் ‘பேக்கிங்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். ‘பழைய பேக்கிங்கை எடுத்துவிடவும்’ என்று குறிப்பில் இருந்தால் என்னைப் போன்ற ஆள் வாசரை எடுத்துவிட்டுத் திருப்தியாக இருப்பான். அதனால் வளையத்துக்குக் ‘கசிவுவளையம்’ என்று எழுதிப் பார்த்தேன். கசியவைக்கும் வளையம் என்று ஆகிவிடுகிறது. ‘கசிவுத்தடை வளையம்’ நீளம், ஆனால் தெளிவு. செம்பு வாசர் ‘செம்பு வாசர்’ஆகவே இருக்கட்டும், அதில் கைவைக்க வேண்டாம்.

இந்த மடலில் கிண்ணம் என்று எழுதிக்கொண்டே போனது கேனிஸ்டரைத்தான். பட்டறையில் ‘கப்’ என்கிறார்கள். வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், வெள்ளிக்கிழமை வரை பட்டியலைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன்.