சிம்பொனி எக்ஸின் முதல் ஆல்பம்: பழியெல்லாம் பாட்டுக்காரர் தலையிலா?

காலிவீதி_கிற்றார்
சிம்பொனி எக்ஸ் என்ற அமெரிக்க மெட்டல் பேண்டைப் பற்றிக் கதை எடுத்தால் எல்லாரும் மூன்றாவது ஆல்பத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். முதல் ஆல்பம் ஒன்று இருந்தது என்பதே பலருக்கு ஞாபகம் இல்லை. 1994 இல் பேண்டின் பெயரையே ஆல்பத்துக்கும் வைத்து யப்பானின் சீரோ கோப்பரேஷன் வெளியிட்டது. ஆட்கள் நியூ ஜெர்சிக்காரர்கள், ஆனால் முதலில் காது கொடுத்தது யப்பான். ரசிகர்கள் போடுகிற தரவரிசையில் அது அநேகமாகக் கடைசியில்தான் கிடக்கும். நேற்று மழைக்கு வெள்ளவத்தையில் கரண்ட் போய்விட்டது, செய்ய வேறு வேலை இல்லாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்துப் பாட்டையும் வரிசையாகக் கேட்டேன். ஒன்று சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்: பாட்டுகளில் பெரிய பிழை இல்லை. மைக்கேல் ரோமியோவின் கிற்றார் அன்றைக்கே முழுசாக இருக்கிறது. பினெல்லாவின் கீபோர்ட் அரண்மனைக் காலத்துச் சத்தத்தோடு ஓடுவது, குரல்களை அடுக்கடுக்காக வைத்துக் கோரஸ் கட்டுவது, கடைசியில் பன்னிரண்டு நிமிடத்துக்கு நீள்கிற 'எ லெசன் பிஃபோர் டையிங்', இப்படிப் பிறகு எதற்கெல்லாம் பெயர் வாங்கினார்களோ அத்தனையும் இதில் இருக்கிறது. கெடுத்தது இரண்டுதான், மெலிந்துபோன ஒலிப்பதிவு, அடுத்தது அன்றைய பாட்டுக்காரர் ரொட் டைலரின் குரல். பத்துக்குப் புள்ளி போட்டால் பாட்டுக்கு எட்டு, வாசிப்புக்கு ஒன்பது, ஒலிக்கு மூன்று, பாட்டுக்காரருக்கு நாலு. இதுதான் என் கணக்கு.

மட்டக்குளி155
பாட்டுக்கு எட்டா? வாத்தியார் சொந்தப் பிள்ளைக்குப் புள்ளி போட்ட மாதிரி இருக்கிறது.

மச்சான், இந்த ஆல்பம் எனக்கு 1996 இல் கசெட் ரேப்பில் கிடைத்தது. கரண்ட் வெட்டு போட்டு வாட்டின வருஷம், ஞாபகம் இருக்கும். வீட்டில் ரிவி இல்லை, காற்றாடி இல்லை, வோக்மன் மட்டும் இருந்தது, அதில் தேயத் தேயக் கேட்டேன். அதனால் கேட்காமல் கதைக்கிறேன் என்று சொல்ல முடியாது. டைலர் பெரிய பாடகர் இல்லை, குரல் தொய்ந்து கிடக்கிறது, ஓம். ஆனால் பாட்டை எழுதினவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிய முடியாது. ஒரு நல்ல ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிற்றார் துண்டு, வருகிறது, நாங்கள் தலையாட்டத் தொடங்குகிற நேரம் பார்த்து அதைக் கைவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்கள், அதையும் நாலு சுற்றுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள், இடையில் ஒரு சோலோ, பிறகு கீபோர்ட்காரர் தனக்கும் பங்கு வேண்டும் என்று வருகிறார். 'அப்சிந்த் அண்ட் ரூ' ஏழு நிமிடம் ஓடுகிறது. கேட்டு முடித்துவிட்டு அதில் ஒரு வரியை முணுமுணுத்துக் காட்டு பார்ப்போம்.

காலிவீதி_கிற்றார்
அந்த ரேப் எத்தனையாவது பிரதி?

மட்டக்குளி155
மூன்றாவது. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் ஒருவன் காசு கொடுத்துப் பதிந்தான், அவனிடம் என் வகுப்புப் பெடியன், அவனிடம் நான். அதுக்கு என்ன?

காலிவீதி_கிற்றார்
அதுக்கு என்னவா? கரண்ட் இல்லாத காலத்தில், பழைய பற்றரி போட்ட வோக்மனில், மூன்றாம் பிரதி. பற்றரி இறங்க இறங்க ரேப் மெதுவாகும், ரேப் மெதுவானால் குரலும் அரைச் சுருதி கீழே போகும். நீ முப்பது வருஷமாகத் தொய்ந்த குரல் என்று திட்டிக்கொண்டிருப்பது ரொட் டைலரையா அல்லது உன் பற்றரியையா?

மட்டக்குளி155
சரி, சிரித்துவிட்டேன். ஆனால் போன வருஷம் யூடியூப்பிலும் கேட்டேன் மச்சான். அங்கே பற்றரி புதுசு, பாட்டு அதேதான்.

இரட்டைப்பெடல்
நான் இந்த ஆல்பம் வந்தபோது பிறக்கவே இல்லை, அதனால் ரேப் கதைகளை ரசித்துவிட்டுப் போகிறேன். ட்ரம்ஸ் வாசிக்கிற ஆள் என்ற முறையில் ஒன்று. ஜேசன் ருல்லோவின் அடி இதில் நன்றாகத்தான் இருக்கிறது, அதைப் பதிந்த விதம்தான் கேவலம். ஸ்நேர் ட்ரம் அட்டைப்பெட்டியில் தட்டின மாதிரி, காலால் அடிக்கிற கிக் ட்ரம் எங்கேயோ பக்கத்து வீட்டில். இரட்டைக் கிக் ஓடும்போது வயிற்றில் இடிக்காவிட்டால் பவர் மெட்டலில் பவர் எங்கே?

நீங்கள் இருவரும் பாட்டா, பாட்டுக்காரரா என்று இழுபடுகிறீர்கள். அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 1998 இல் ஒரு தொகுப்பு ஆல்பம் விட்டார்கள், அதில் முதல் ஆல்பத்தின் 'மாஸ்கரேட்' பாட்டை, டைலருக்குப் பிறகு வந்த ரஸ்ஸல் அலனைப் பாடவைத்துத் திரும்பப் பதிந்தார்கள். பாட்டு அதே, ரிஃப் அதே, குரலும் ஒலியும் மட்டும் வேறு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். எனக்கு இரண்டாவதில் மயிர் கூச்செறிந்தது, முதலாவதில் இல்லை. அப்படியென்றால் பாட்டில் சத்து இருந்திருக்கிறது.

மட்டக்குளி155
நல்ல சாட்சிதான் தம்பி, ஆனால் யாருக்குச் சாட்சி? பத்துப் பாட்டில் ஒன்றைத்தான் எடுத்துத் திரும்பப் பதிந்தார்கள். மற்றதெல்லாம் எட்டுப் புள்ளிப் பாட்டென்றால் ஏன் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்? தங்கள் பிள்ளைகளில் எது தேறும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

இரட்டைப்பெடல்
தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி.

ஒரு தொகுப்புக்கு ஒரு பாட்டுப் போதும் என்று நினைத்திருக்கலாமே. ஸ்டுடியோவுக்குக் காசு மரத்திலா காய்க்கிறது?

மட்டக்குளி155
மன்னிக்க வேண்டும் தங்கச்சி. படத்தில் ட்ரம் மட்டும்தான் தெரிகிறது.

சாப்பு
நான் மெட்டல் ஆள் இல்லை. மருமகன் இந்தச் சண்டையைக் காட்டினான், அவனிடமே ஆல்பத்தையும் வாங்கி இரண்டு முறை கேட்டேன். சின்ன வயதில் பத்து வருஷம் மிருதங்கம் படித்தவன், அந்தக் காதோடுதான் சொல்லுகிறேன், பிழையென்றால் திருத்துங்கள்.

முதலில், இது எனக்கு அந்நியமாகப் படவில்லை. அந்தக் கிற்றார்காரர் பாதி நேரம் கீரவாணியில்தான் நிற்கிறார். அவர்கள் அதை ஹார்மோனிக் மைனர் என்பார்கள், ஸ்வரம் அதேதான், எங்கள் மேளகர்த்தா ராக வரிசையில் 21. அதையே பஞ்சமத்தில் இருந்து பிடித்தால் வகுளாபரணம், 14, அந்த அரபிச் சாயல் வருகிற இடமெல்லாம் அதுதான். ஏழு எண்ணிக்கை வந்தால் மிஸ்ர சாப்பு, தகிட தகதிமி என்று தட்டிக்கொண்டே போகலாம். ஐந்து என்றால் கண்ட சாப்பு, தக தகிட. இளையராஜா கேட்டு வளர்ந்த எவருக்கும் கீரவாணியை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

இப்போது குறை. கச்சேரியில் கிருதியைப் பாடி, அது சபையின் வாயில் ஏறிய பிறகுதான் மிருதங்கம் தனியே வாசிக்கிற தனியாவர்த்தனம். இங்கே கிருதி பாதியில் நிற்கும்போதே தனி தொடங்கிவிடுகிறது. கோர்வை என்கிற முடிவுக் கணக்கு எவ்வளவு சிக்கலாகவும் இருக்கட்டும், கடைசியில் எடுப்பில், அதாவது பாட்டு தொடங்குகிற இடத்தில், வந்து விழும்போது எல்லாரும் ஒன்றாகத் தலையாட்ட வேண்டும். அதற்கு எடுப்பு எது என்று கேட்பவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? இவர்கள் விழுகிறார்கள், சரியாகத்தான் விழுகிறார்கள், ஆனால் விழுகிற இடத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே நான் மட்டக்குளிக்காரர் பக்கம்.

மட்டக்குளி155
ஐயா, உங்களுக்கு ஒரு பிளேன்ரீ என் கணக்கில். முப்பது வருஷமாக எனக்குச் சொல்ல வராததைச் சொல்லிவிட்டீர்கள்.

காலிவீதி_கிற்றார்
பொறுங்கள் ஐயா, பிளேன்ரீயைக் குடிக்காதீர்கள், உங்கள் உதாரணத்தையே எடுத்து உங்களிடம் வருகிறேன். கச்சேரியில் பாடகருக்கு அன்றைக்குத் தொண்டை சரியில்லை என்றால் என்ன நடக்கும்? வயலின்காரர் கூடுதலாக வாசிப்பார், தனி நீளும், பாடகர் சின்னச் சின்ன உருப்படியாகப் போட்டு ஒப்பேற்றுவார். குறை ஒருவருடையது, ஆனால் மாறுவது முழுக் கச்சேரியும். அதேதான் இங்கேயும் நடந்திருக்கிறது என்கிறேன். கையில் இருக்கிற குரலுக்குத்தான் பாட்டு எழுதலாம். உச்சத்துக்குப் போகும்போது மெலிகிற, கீழே வந்தால் உறுமத் தெரியாத ஒரு குரலை வைத்துக்கொண்டு நீண்ட கோரஸை நம்பி யார் எழுதுவான்? இடைவெளியைச் சோலோவால்தான் நிரப்புவான்.

அடுத்த ஆல்பத்தைப் பாருங்கள். 1995, ஒரே வருஷம், ரோமியோ, பினெல்லா, தோமஸ் மில்லர், ருல்லோ நாலு பேரும் அப்படியே. மாறியது பாட்டுக்காரர் மட்டும்தான், ரஸ்ஸல் அலன் வந்தார். உடனே பாட்டுகள் இறுகிவிட்டன.

மட்டக்குளி155
அந்த ஒரு வருஷத்தில் அவர்களுக்கே பாட்டு எழுதப் பழகியிருக்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? ரஸ்ஸல் அலன் வந்து ரிஃப்பையுமா திருத்தினார்? இரண்டாவது ஆல்பத்தில் கிற்றாரும் ட்ரம்ஸும் சேர்ந்து இடிக்கிற இடங்களைக் கேள், குரலே வராத இடங்களில்கூட முதலாவதை விட ஒழுங்கு இருக்கிறது. அதுக்கும் டைலருக்கும் என்ன சம்பந்தம்? முதல் ஆல்பத்தில் 'இன்டு த டிமென்ஷியா' என்று ஒரு நிமிடத்து முன்னுரை வருகிறதே, அதில் பாடுகிறவரே இல்லை, எனக்கு அங்கேயே சலிப்பு வந்துவிட்டது.

இரட்டைப்பெடல்
ஒரு நிமிடத்தில் சலிப்பு வருகிற ஆளுக்கு இந்த வகை இசையே ஒத்துவராது அண்ணா.

காலிவீதி_கிற்றார்
ட்ரீம் தியேட்டர் பேண்டையும் பார். 1989 இல் முதல் ஆல்பம், பாடியது சார்லி டொமினிச்சி. எல்லாரும் குரலைத்தான் குறை சொன்னார்கள். 1992 இல் புதுப் பாட்டுக்காரர் லாப்ரியோடு இரண்டாவது வந்ததும் முதலாவதை அலமாரியில் தள்ளிவிட்டார்கள். ஆனால் 2004 இல் லொஸ் ஏஞ்சலிஸில் அந்த முதல் ஆல்பத்தை முழுசாக மேடையில் வாசித்தார்கள், லாப்ரி பாட, கடைசியில் டொமினிச்சியையும் கூப்பிட்டுப் பாடவைத்து. அந்தப் பதிவைக் கேட்டவர்களுக்குத் தெரியும், பாட்டுகள் சோடை போனவை இல்லை. (டொமினிச்சி 2023 இல் போய்விட்டார். பாவம், கடைசிவரை அந்தப் பழி அவர் தலையில்தான்.)

மட்டக்குளி155
நீயே என் வாதத்தைப் பேசுகிறாய். ட்ரீம் தியேட்டர் ஒரு பாட்டை அல்ல, முழு ஆல்பத்தையும் நம்பி மேடைக்கு எடுத்துப் போனார்கள். உன் ஆட்கள் ஒரு பாட்டை எடுத்தார்கள்.

முதல் ஆல்பத்திலேயே பாட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றால் அங்ரா என்ற பேண்டைக் கேள். பிரேசிலில் இருந்து ஹம்பர்க்குக்குப் போய், ஜெர்மன் கிற்றார்காரர் கை ஹான்சனின் ஸ்டுடியோவில் பதிந்தார்கள், 1993. அந்தக் காலத்து இசையமைப்பாளர் சூபர்ட்டின் இசையை எடுத்து முன்னுரை வைக்கிறார்கள், அடுத்த நொடி 'கெரி ஒன்' பாய்கிறது. ஒரு தடவை கேட்டால் கோரஸ் வாயில் வந்துவிடும். சாப்பு ஐயா கேட்ட எடுப்பு அங்கே இருக்கிறது. இத்தனைக்கும் இவர்களை விட ஒரு வருஷம் முந்தி.

காலிவீதி_கிற்றார்
அங்ராவுக்கு அது முதல் ஆல்பம். அதில் பாடிய அந்த்ரே மாத்தோசுக்கு அல்ல. அவர் ஏற்கெனவே வைப்பர் என்ற பேண்டில் இரண்டு ஆல்பம் பாடி முடித்துவிட்டு வந்தவர். பல்லவி எங்கே வைப்பது என்று அங்கே அடிபட்டுப் படித்திருக்கிறார். திரும்பவும் பார், பாட்டுக்காரர்தான்.

சாப்பு
இது எனக்குப் புதுச் செய்தி. பாடகருக்குத் தக்கபடிதான் பக்கவாத்தியம் என்பதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை, மருமகன் சிரிக்கிறான். முழுக்கப் பக்கம் மாறவில்லை, ஆனால் கிருதி பாதியில் நின்றது பாடகரால் என்பதற்கு இடம் விடுகிறேன். 'மாஸ்கரேட்' இரண்டையும் கேட்டேன். புதியதில் எனக்கு எடுப்புத் தெரிந்தது. தாளம் அதேதான், நான் விரல் விட்டு எண்ணினேன். குரல் சொல்லுகிற இடத்தில் அழுத்திச் சொன்னதால் தெரிந்தது.

மட்டக்குளி155
ஐயா, பிளேன்ரீயைத் திருப்பித் தாருங்கள்.

சரி, 'மாஸ்கரேட்' ஒன்றை விட்டுத் தருகிறேன். அது நல்ல பாட்டு, கெட்ட பதிவு. 'ஷேட்ஸ் ஒஃப் கிரே'யையும் வேண்டுமென்றால் பாதி தருகிறேன், அதில் அவசரப்படாமல் நிற்கிறார்கள், டைலரின் குரலும் மெதுவான இடத்தில் பரவாயில்லை. மற்ற எட்டுக்கும் ஐந்துக்கு மேல் ஒரு புள்ளி கிடையாது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன், அதில் நாலு நிமிடத்துக்கு நல்ல பாட்டு ஒன்று இருக்கிறது, மிச்ச எட்டு நிமிடம் அதைத் தேடுகிறார்கள்.

இரட்டைப்பெடல்
நாங்கள் நாலு பேர் தெஹிவளையில் ஒரு கராஜில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கிறோம். எங்கள் பாட்டுக்காரி கர்நாடக சங்கீதம் படித்தவள், கிட்டத்தட்ட ஒரு மாதமாக 'தி ரேஜிங் சீசன்' பழகுகிறோம், முதல் ஆல்பத்தில் யாரும் தொடாத பாட்டு வேண்டும் என்றுதான் எடுத்தோம். உள்ளே இருந்து வாசித்துப் பார்த்தால் மட்டக்குளி அண்ணா சொல்லுகிற தாவல் எனக்கும் தெரிகிறது, இரண்டாவது பகுதிக்குப் போகிற இடத்தில் மூன்று வாரம் தடுக்கி விழுந்தோம். ஆனால் அவள் ஒருநாள் அந்த இடத்தில் குரலை நீட்டிப் பிடித்தாள், பாலம் போட்ட மாதிரி ஆகிவிட்டது, இப்போது தடுக்குவதில்லை. இதை யார் பக்கம் வரவு வைப்பது என்று எனக்கே தெரியவில்லை. வருகிற ஞாயிறு நாலு மணிக்கு வந்து கேளுங்கள். பக்கத்து வீட்டு ஆன்ரி ஆறு மணிக்கு மேல் விடமாட்டார்.

சாப்பு
வருகிறேன் பிள்ளை. காதுக்குப் பஞ்சு கொண்டு வரவா?

இரட்டைப்பெடல்
கட்டாயம் மாமா. மட்டக்குளி அண்ணா, அந்த மூன்றாம் பிரதி ரேப் இன்னும் இருக்கிறதா? இருந்தால் கொண்டு வாருங்கள், அதையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

மட்டக்குளி155
ரேப் இருக்கிறது. போட வோக்மன் இல்லை.

காலிவீதி_கிற்றார்
வோக்மன் என்னிடம் இருக்கிறது. பற்றரியை நீ வாங்கி வா, புதுசாக.