உதவி: ஷ்ப்ரேவால்டில் மணலில் புதையும் டயர், கிழியும் டியூப், அலறும் பின் பிரேக்

தட்டைநிலம்:
வணக்கம். பெர்லினுக்குத் தென்கிழக்கே சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கும் ஷ்ப்ரேவால்டில் வரும் சனி, ஞாயிறு கிராவல் சைக்கிளில் (கல், மண் பாதைக்கான சைக்கிள்) சுற்றத் திட்டம். போன வாரம் ஒரு நாள் வெள்ளோட்டம் பார்த்ததில் நான்கு கோளாறு:

1. லூபன் பக்கத்துப் பைன் காட்டில் மணலில் முன்சக்கரம் புதைகிறது. காற்றைக் குறைத்தால் ஓட்ட முடிகிறது, ஆனால் அடுத்த கான்கிரீட் பலகைப் பாதையில் பின் டியூப் போய்விடுகிறது. ஒரே நாளில் இரண்டு.
2. பின் பிரேக் அலறுகிறது, பிடிக்கவும் இல்லை. காலையில் சரியாக இருந்தது, மதியத்துக்குப் பிறகுதான் இப்படி. முன் பிரேக்கில் தொல்லை இல்லை.
3. லேடே, லைப்பே பக்கம் படி வைத்த மரப்பாலங்களில் பைகளோடு ஏற்றி இறக்குவது பெரும்பாடு.
4. 40 கி.மீ. தாண்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன.

டயர் 700 × 38, உள்ளே சாதா டியூப். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். என் எடை 76 கிலோ, பின் கேரியரில் இரண்டு பைகள், சேர்ந்து 9 கிலோ.

மணல்வாரி:
டியூபில் ஓட்டை ஒன்றா, இரண்டா? எந்தப் பக்கம்? மணலுக்காகக் காற்றழுத்தத்தை எவ்வளவு பாருக்கு இறக்கினீர்கள்?

தட்டைநிலம்:
இரண்டு சின்னக் கீறல், பாம்பு கொத்தின மாதிரி பக்கத்துப் பக்கத்தில். முன்னும் பின்னும் 1.9 பார்.

மணல்வாரி:
அப்படியானால் முள்ளோ கண்ணாடியோ இல்லை. பலகையின் விளிம்பில் மோதும்போது டயர் முழுக்க அமுங்கி, ரிம்முக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. உங்கள் எடை, பை, சைக்கிள் எல்லாம் சேர்த்தால் 95 கிலோ வரும். பை மொத்தமும் பின்னால் இருப்பதால் அதில் 60 கிலோவுக்கு மேல் பின்சக்கரம் தாங்குகிறது. 38 மி.மீ. டயரில் டியூப் போட்டு 1.9 பார் வைத்தால் இந்தப் பாரத்துக்குப் பத்தாது. முன்னும் பின்னும் ஒரே அளவு வைத்ததும் தப்பு.

இந்த ஊரின் சிக்கலே இதுதான். பனியுகத்து உருகுநீர் கொண்டுவந்து கொட்டிய மணல் ஓரத்துக் காடுகளில் கிடக்கிறது. நடுவில், ஷ்ப்ரே ஆறு சரிவே இல்லாமல் நூற்றுக்கணக்கான ஓடைகளாகப் பிரியும் இடத்தில், கரிய சதுப்பு மண். அந்த இளக்கமான நிலத்தில் டிராக்டர் போவதற்காகக் கான்கிரீட் பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து, இணைப்பில் இரண்டு மூன்று செ.மீ. விளிம்பு எழும்பி நிற்கும். மணல் குறைந்த காற்றைக் கேட்கும், பலகை கூடுதல் காற்றைக் கேட்கும். 38-இல் டியூபோடு இரண்டையும் சமாளிக்க முடியாது.

ஃபிரேமில் இடம் இருந்தால் 45 மி.மீ. போடுங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரு பக்கமும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஈரமான சதுப்பு மண் புல்லோடு சேர்ந்து அடைத்து பெயின்டைச் சுரண்டிவிடும். டியூபோடு 45 என்றால் பின்னால் 2.5, முன்னால் 2.2 பாரில் ஆரம்பியுங்கள். ட்யூப்லெஸ் (டியூப் இல்லாமல் அடைப்புத் திரவம் ஊற்றும் முறை) என்றால் பின்னால் 2.1, முன்னால் 1.8. இப்போதிருக்கும் 38-ஐயே வைத்துக்கொள்வதானால் பின்னால் 3.0, முன்னால் 2.6. மணல் வந்தால் இறங்கித் தள்ளுங்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

சங்கிலிக்கறுப்பன்:
டயரை மாத்தறது சரி. ஆனா வர்ற சனிக்கிழமைக்காக இப்போ போய் ட்யூப்லெஸ் ஆக்காதீங்க. ரிம் டேப் சரியா ஒட்டணும், திரவம் ஊத்தி டயர் ஓரமெல்லாம் நனைஞ்சு அடையணும், அப்புறம் ரெண்டு மூணு நாள் வீட்டிலேயே வச்சு காத்து இறங்குதான்னு பாக்கணும். அவசரத்துல செஞ்சா காட்டு நடுவுல வெள்ளைத் திரவம் கையில வழிய நிப்பீங்க. இந்தத் தடவை டியூபே இருக்கட்டும். ரெண்டு மாத்து டியூப், ஒட்டு, டயர் கிழிஞ்சா உள்ளே வைக்கப் பழைய பற்பசைக் குழாயில வெட்டின துண்டு ஒண்ணு எடுத்துக்குங்க. ட்யூப்லெஸ்ஸை அடுத்த மாசம் பாத்துக்கலாம்.

மணல்வாரி:
ஒத்துக்கொள்கிறேன், கால அவகாசத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே கிழிந்த இடத்தில் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மோதிய வேகத்தில் பக்கச்சுவரின் நூல் அறுந்திருந்தால் அந்த டயர் வேண்டாம்.

மணலில் ஓட்டும் முறையும் உண்டு. அது வெள்ளையாகத் தெரிந்ததுமே, உள்ளே போகும் முன், இரண்டு கியர் இலேசாக்கிவிடுங்கள். நடுவில் போய் மாற்றினால் மிதி நின்றுவிடும். உட்கார்ந்தே, எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கையைத் தளர்த்தி, விடாமல் மிதியுங்கள். முன்சக்கரம் சற்று அலையும், அதைத் திருத்தப் போகாதீர்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பவர்தான் விழுவார். பாதையின் ஓரத்தில் பைன் ஊசி உதிர்ந்து படிந்த பட்டை இருந்தால் அங்கே தரை கெட்டி. மழை பெய்த மறுநாள் இதே பாதை தார் ரோடு மாதிரி இருக்கும், காய்ந்த ஜூலையில் யாராலும் முடியாது.

ஈரக்காற்று:
பிரேக்குக்கு வருகிறேன். மதியம் எங்காவது நின்று கொசு மருந்து அடித்தீர்களா?

தட்டைநிலம்:
ஆமாம், லேடேயில். சைக்கிள் பக்கத்தில் நின்றுதான் காலுக்கு ஸ்ப்ரே அடித்தேன். அதற்கும் இதற்கும் என்ன?

ஈரக்காற்று:
அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கெண்டைக்கால் உயரமும் பின் டிஸ்க் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. அடித்த புகையில் பாதி டிஸ்க்கில் படிந்திருக்கும். அதன்மேல் பிரேக் பிடித்ததும் எண்ணெய்ப் பசை, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடுக்குள் ஏறிவிட்டது. ஸ்ப்ரே செயின் ஆயிலும் இதே வேலையைச் செய்யும், சொட்டு ஆயில்தான் நல்லது.

பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். பேடை வெளியே எடுத்து அளவு பாருங்கள்: உலோகத் தகட்டை விட்டு, தேயும் பகுதி 0.5 மி.மீ. ஆகிவிட்டால் புதிது போட்டே ஆக வேண்டும். பேட் வெளியே இருக்கும்போது லீவரை அழுத்தாதீர்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், துணி கறுப்பாக வராத வரைக்கும். விரல் படவே கூடாது. பேடை 120 நம்பர் உப்புத்தாளைக் கண்ணாடிமேல் விரித்து, எட்டுப் போடுகிற மாதிரி தேயுங்கள். பளபளப்பு போய் முழுக்க மங்கலானால் போதும். தேய்த்த பிறகும் நடுவில் கருந்திட்டு தெரிந்தால் எண்ணெய் ஊறிவிட்டது என்று அர்த்தம். அடுப்பில் சுட்டு எடுக்கலாம் என்பார்கள், நம்பாதீர்கள், புது பேட் வாங்குங்கள்.

பலர் விட்டுவிடும் வேலை இனிமேல்தான். 25 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் நிற்காமல், சீராக 20 தடவை பிடியுங்கள். மலைப் பகுதியில் புது பேட் இறக்கத்தில் தானாகவே படிந்துகொள்ளும். ஷ்ப்ரேவால்டில் இறக்கமே கிடையாது, நாள் முழுக்க ஓட்டினாலும் டிஸ்க் சூடாகாது. அதனால் இதைக் கிளம்பும் முன்பே ஊரில் செய்துவிடுங்கள். விடியற்காலைப் பனியில் முதல் இரண்டு மூன்று பிடிப்புக்குக் கத்துவது வேறு, அது ஈரம், தானே போய்விடும்.

கொசு மருந்தை சைக்கிளிலிருந்து பத்தடி தள்ளிப் போய் அடியுங்கள். டீட் உள்ள மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும்: மூக்குக்கண்ணாடி, மீட்டரின் முகப்பு எல்லாம் பிசுபிசுத்துவிடும். 20 சதவீத இக்காரிடின் உள்ள மருந்து அந்த வேலையைச் செய்யாது.

கரையோரம்:
கூடவே உண்ணியையும் சொல்ல வேண்டும். புல் உரசும் பாதையில் ஓட்டிவிட்டு இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பார்த்தே தீர வேண்டும். லூப்பெனாவ் இருக்கும் ஓபர்ஷ்ப்ரேவால்ட்-லௌசிட்ஸ் மாவட்டம் உண்ணி மூளைக்காய்ச்சல் அபாயப் பட்டியலில் இருக்கிறது. தடுப்பூசி மூன்று தவணை, முதல் இரண்டுக்கு நடுவே ஒன்றிலிருந்து மூன்று மாதம். ஆக இந்த வாரத்துக்கு உதவாது, நீளக் காலுறைதான்.

பாலத்துக்கு: ஓடக்காரர் நின்றபடியே கழி ஊன்றிப் போவதற்காகப் பாலத்தின் நடுவை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் படி. கேரியரின் இரண்டு பக்கப் பையும் அங்கே எதிரி. ஒன்று பாலத்தின் கைப்பிடியில் இடிக்கும், மற்றது உங்கள் காலில். ஒன்பது கிலோவை ஆறாகக் குறைத்து, சீட்டுக்குப் பின்னால் ஒரு பை, ஃபிரேமுக்குள் ஒரு பை என்று பிரியுங்கள். பின்சக்கரப் பாரமும் குறையும், மேலே சொன்ன டியூப் நசுங்கலும் குறையும். பல பாலங்களில் படியோரம் சக்கரம் உருட்டப் பள்ளம் இருக்கும். இறங்கும்போது பின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். பனி படிந்த மரப்பலகையில் முன் பிரேக் பிடித்தால் சைக்கிள் உங்களுக்கு முன்னால் போய்ச் சேரும். லூப்பெனாவிலிருந்து வொட்ஷோஃப்ஸ்கா என்ற காட்டு உணவகத்துக்குக் காட்டு வழியே போவது நடைபாதை, வரிசையாகப் படிப்பாலம். அங்கே சைக்கிளைக் கொண்டுபோகாதீர்கள்.

போகும் வழிக்கு: லேடே, லைப்பே, புர்க், ஷ்ட்ரௌபிட்ஸ், அங்கிருந்து வடக்குக் கால்வாயின் கரைமேல் லூபன். பிறகு ஷ்லெப்ட்ஸிக் சுமார் 12 கி.மீ. கரைப்பாதைதான் இங்கே உண்மையான கிராவல். ஷ்ட்ரௌபிட்ஸ் காற்றாலையில் தானியம் அரைத்து, எண்ணெய் ஆட்டி, மரமும் அறுக்கிறார்கள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சைக்கிள் ஓட்டும் வெள்ளரிக்காய் படம் போட்ட பலகை கண்ணில் பட்டால் அது 260 கி.மீ. வெள்ளரிக்காய்ப் பாதை, வழி தவறினால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஊர்ப்பெயர் ஜெர்மனிலும் இங்குள்ள ஸ்லாவிய மக்களின் மொழியான சோர்பியனிலும் இருக்கும், குழம்ப வேண்டாம். மஞ்சள் பலகையில் கறுப்பு ஆந்தை இருந்தால் இயற்கைக் காப்பிடம், பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஷ்ப்ரேவால்ட் 1991 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். பாதைமேல் தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள். விளிம்பு தெரியாது, அச்சு வரை முங்கினால் பேரிங் கிரீஸும் போகும். தெற்கு ஓரத்தில் சில ஓடைகள் துரு நிறத்தில் ஓடும். பழைய நிலக்கரிச் சுரங்கத்து இரும்பு அது, பாட்டிலில் பிடிக்காதீர்கள்.

சங்கிலிக்கறுப்பன்:
விரல் மரத்துப்போறதுக்கும் தட்டை நிலம்தான் காரணம். ஏத்தம் இறக்கம் இல்லாததால மணிக்கணக்கா ஒரே இடத்துல கை, உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுந்துது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து நின்னு இருபது மிதி மிதிங்க, கையை ஹேண்டில்ல மேல், லீவர், கீழ்னு மாத்துங்க. சீட்டு மூக்கு கீழே சாஞ்சிருக்கான்னு மட்டம் வச்சுப் பாருங்க. சாஞ்சிருந்தா உடம்பு வழுக்கி, பாரமெல்லாம் கைக்கு வரும்.

தட்டைநிலம்:
பேடில் கருந்திட்டு இருக்கிறது, புதிது வாங்கிவிட்டேன். சீட்டும் மூன்று டிகிரி கீழே சாய்ந்திருந்தது. ஃபிரேமில் 42 வரைதான் இடம், அதற்கு எவ்வளவு காற்று? சனிக்கிழமை ரயிலில் சைக்கிளுக்கு இடம் கிடைக்குமா?

மணல்வாரி:
42-க்கு டியூபோடு பின்னால் 2.7, முன்னால் 2.3. பையை ஆறு கிலோவாக்கினால் பின்னால் 2.6.

கரையோரம்:
கோட்புஸ் போகும் ஆர்.இ.2-இல் ஏழு மணிக்கு முன்னால் ஏறுங்கள். கோடைச் சனிக்கிழமைகளில் ஒன்பது மணி வண்டியில் சைக்கிள் பெட்டி நிரம்பி, பிளாட்பாரத்திலேயே விட்டுவிடுவார்கள். ஜெர்மனி டிக்கெட் (மாதப் பயணச்சீட்டு) இருந்தாலும் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும்.